ஒற்றைத் தலைவலியோடு எமர்ஜென்சிக்குப் போனால்

அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி பிரிவுகளுக்கு மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலிக்காக மட்டும் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் முறை நோயாளிகள் வந்துபோகிறார்கள். அந்த நாட்டில் மைக்ரேன் உள்ளவர்கள் ஏறத்தாழ 4 கோடிப் பேர். அந்தக் கணக்கில் 12 லட்சம் பெரிய எண் இல்லை. பெரும்பாலானோர் அறையை இருட்டாக்கி, மாத்திரை போட்டு, வாந்தி எடுத்து, தூங்கி எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். எமர்ஜென்சி வாசலுக்கு வருபவர் வீட்டில் செய்யக்கூடியதெல்லாம் செய்து பார்த்து முடியாமல் வருபவர். போட்ட மாத்திரை வாந்தியோடு போயிருக்கும். அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி மாதத்துக்கு ஒன்பதுதான் என்று அளந்து கொடுத்த, மைக்ரேனை நிறுத்தும் ட்ரிப்டான் வகை மாத்திரைகள் மாதம் முடிவதற்குள் தீர்ந்திருக்கும். அல்லது மூன்றாம் நாளாக வலி விடாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

அப்படி வருபவரைப் பார்த்ததும் டாக்டர் மனதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. உயிருக்கு ஆபத்தான ஏதாவது இந்தத் தலைவலிக்குப் பின்னால் இருக்கிறதா என்பது ஒன்று. அதைக் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்றை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இவருக்கு நிஜமாகவே வலிக்கிறதா, இல்லை போதை ஊசிக்காக நடிக்கிறாரா? இந்த இரண்டாவது கேள்விதான் அமெரிக்காவில் மைக்ரேன்காரர்களைப் பல ஆண்டுகளாக அலைக்கழிக்கிறது. ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிக்கொண்டே போவது ஒன்றுதான்: அந்தக் கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. மைக்ரேனை அடக்குவதில் முன்னால் நிற்கும் ஊசிமருந்துகளில் போதைக்காக யாரும் தேடி வரும் மருந்து ஒன்றுகூடக் கிடையாது.

உயிர் போகுமா என்ற கேள்வி

டாக்டர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தலைவலி என்று வருபவர்களில் மிகச் சிலருக்கு மூளைப் படலத்துக்கு அடியில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சிலருக்கு மூளைக்காய்ச்சல், சிலருக்கு மூளைச் சிரைகளில் ரத்த உறைவு, சிலருக்குக் கழுத்துத் தமனியின் உட்சுவரில் கிழிசல். தவறவிட்டால் உயிரையே வாங்கிவிடும் நோய்கள் இவை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, இப்படி ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்கு முதல்முறை எமர்ஜென்சிக்கு வந்தபோது நோய் பிடிபடவில்லை என்று காட்டியது. எந்த டாக்டருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும் கணக்கு இது.

அதனால்தான் ஒட்டாவா விதி என்ற ஒன்று உருவானது. புதிதாக, ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போன கடும் தலைவலியோடு வருபவரிடம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது அது. வயது 40 அல்லது அதற்கு மேலா? கழுத்து வலியோ விறைப்போ இருக்கிறதா? பக்கத்தில் இருந்தவர் பார்க்க நினைவு தப்பியதா? உடலை வருத்தி ஏதாவது செய்துகொண்டிருந்தபோது தொடங்கியதா? இடி இறங்கியதுபோல் சட்டென்று வந்ததா? தாடையை மார்பை நோக்கிக் குனியவைத்தால் கழுத்து மடங்க மறுக்கிறதா? இதில் ஒன்றுகூட இல்லையென்றால் ரத்தக்கசிவு இல்லை என்று நம்பலாம் என்பதை ஒட்டாவா ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். ஒன்று இருந்தாலும் ஸ்கேன் உண்டு. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கசிவு கிட்டத்தட்டத் தப்பவே தப்பாது.

சிக்கல் இந்தச் சோதனையெல்லாம் முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. ஸ்கேன் சுத்தம். ரத்த அழுத்தம் சரி. காய்ச்சல் இல்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது டாக்டருக்கு நிஜமாகவே நிம்மதி. அதைக் கேட்கும் பெண்ணுக்கு இடது கண்ணுக்குப் பின்னால் இன்னும் அதே அடி விழுந்துகொண்டிருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து அவர் வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறார்.

இத்தனைக்கும் அமெரிக்கச் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. காசு இருக்கிறதோ இல்லையோ, எமர்ஜென்சிக்கு வருபவர் எவரையும் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று 1986இல் வந்த எம்டாலா சட்டம், அவசர நிலை எது என்று சொல்லும் இடத்தில் கடுமையான வலியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மருத்துவ அறிவியலும் அவர் பக்கம்தான். மைக்ரேன் வலிக்கும்போது சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துணுக்கு ரத்தத்தில் கூடுகிறது என்பது 1990இலேயே தெரிந்துவிட்டது. அந்த வழியைத் துலக்கியதற்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் காட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் நால்வருக்கும் 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெயின் பரிசு கிடைத்தது. உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கெடுப்பின் 2016ஆம் ஆண்டு முடிவுகளில், மனிதர்களை அதிக ஆண்டுகள் முடக்கிப்போடும் நோய்களில் இரண்டாவது இடம் மைக்ரேனுக்கு. முதலிடம் இடுப்புவலிக்கு. இவ்வளவு இருந்தும் ஸ்கேனில் தெரியாத நோய் என்ற ஒரே காரணத்தால், எமர்ஜென்சியில் அதற்கு நோய் என்ற மரியாதை கிடைப்பதில்லை.

காத்திருக்கும் நேரம் சும்மா போவதில்லை

அமெரிக்க எமர்ஜென்சிகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் முறையில், வாசலிலேயே ஒரு நர்ஸ் நோயாளியை ஒன்று முதல் ஐந்து வரை ஏதாவதொரு படியில் வைக்கிறார். ஒன்று என்றால் உடனே உயிர் காக்க வேண்டும். ஐந்து என்றால் காத்திருக்கலாம். பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ வலி சொல்பவரை இரண்டாம் படியில் வைக்கலாம் என்று அந்த முறை இடம் கொடுக்கிறது. இடம்தான் கொடுக்கிறது, கட்டாயம் இல்லை. மைக்ரேனோடு வருபவர் வழக்கமாக மூன்றாம் படியில் போய் உட்காருகிறார். மாரடைப்பும் விபத்தும் வந்துகொண்டே இருக்கும் இரவில் மூன்றாம் படி என்பது மணிக்கணக்கில் காத்திருப்பது.

காத்திருந்தால் வலியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. பாஸ்டனில் ரமி பர்ஸ்டீன் குழுவினர் காட்டிய ஒரு விஷயம் எமர்ஜென்சியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மைக்ரேன் தொடங்கிச் சில மணி நேரத்தில் பலருக்குத் தோலே மாறிவிடுகிறது. தலை சீவினால் வலிக்கும். கண்ணாடியின் காது வளைவு பட்டால் வலிக்கும். அந்தப் பக்கம் தலையணையில் சாய முடியாது. நரம்புகளின் கிளர்ச்சி முதுகுத்தண்டின் மேல்முனையையும் மூளைக்குள்ளும் எட்டிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. இந்த நிலை வருவதற்கு முன்பு ட்ரிப்டான் கொடுத்தபோது 93 சதவீதத் தாக்குதல்களில் இரண்டு மணி நேரத்துக்குள் வலி முழுதாக நின்றது. வந்த பிறகு கொடுத்தபோது 15 சதவீதத்தில்தான் நின்றது. 2004இல் வெளியான சிறிய ஆய்வுதான், ஆனால் அந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய முடியாது. வெளிச்சம் கொட்டும் கூடத்தில், டிவி சத்தத்துக்கு நடுவே, குழந்தைகள் அழும் இடத்தில் உட்காரவைத்த ஒவ்வொரு மணி நேரமும் அந்த நோயாளியைச் சிகிச்சைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

கறுப்புக் கண்ணாடியும் அசையாத உடம்பும்

வலி என்றால் எப்படி இருக்கும் என்று நம் எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. துடிப்பார்கள், புரளுவார்கள், கத்துவார்கள். சிறுநீரகக் கல் வந்தவர் அப்படித்தான் இருப்பார். மைக்ரேன் உடம்பை வேறு மாதிரி அடக்கிவைக்கிறது. எழுந்து நடந்தால், படி ஏறினால், குனிந்தால் வலி கூடும் என்பது இந்த நோயைத் தீர்மானிக்கும் இலக்கணங்களிலேயே ஒன்று. அதனால் நோயாளி அசையமாட்டார். கண்ணை மூடிச் சுருண்டு கிடப்பார். கேட்டதற்கு மெல்லிய குரலில், ஒரு சொல்லில் பதில் வரும். "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்டால் "ஒன்பது" என்பார். கேட்டவர் அந்த அமைதியான உருவத்தைப் பார்ப்பார், நாடித்துடிப்பைப் பார்ப்பார், நம்பமாட்டார்.

இருபது வருடமாக மாதத்துக்கு நான்கு முறை இதே வலியோடு வாழ்பவர் அலறக் கற்றுக்கொள்வதில்லை, அடங்கியிருக்கத்தான் கற்றுக்கொள்கிறார். அதே அடக்கம் இங்கே அவருக்கு எதிரான சாட்சியாகிறது.

கறுப்புக் கண்ணாடியும் அப்படித்தான். அறைக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து உட்காருபவரைப் பார்த்து இது ஒரு நாடகம் என்று நினைக்கும் ஊழியர்கள் உண்டு. வெளிச்சம் தாங்காமை மைக்ரேனின் இலக்கணத்தில் எழுதப்பட்ட அறிகுறி. அது எவ்வளவு ஆழத்தில் இருந்து வருகிறது என்பதற்கு, ரோட்ரிகோ நோசெடாவும் பர்ஸ்டீனும் 2010இல் வெளியிட்ட ஆய்வை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. மைக்ரேன் உள்ள, பார்வை இழந்த 20 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் ஆறு பேருக்கு வெளிச்சத்தையே உணர முடியாது. அவர்களை வெளிச்சம் துன்புறுத்தவில்லை. மற்ற 14 பேருக்கு உருவம் தெரியாது, ஆனால் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அந்த 14 பேருக்கும் வெளிச்சம் பட்டால் தலைவலி கூடியது. விழித்திரையில் உருவம் காண்பதில் பெரிய பங்கில்லாத, வெளிச்சத்தை மட்டும் உணரும் செல்கள் சில இருக்கின்றன. அவற்றின் நரம்பிழைகள் மூளைக்குள் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் வலியைக் கடத்தும் நரம்புகளின் பக்கத்திலேயே போய் முடிகின்றன. கண் பார்க்காதவரையே வெளிச்சம் குத்துகிறது என்றால், கண்ணாடி போட்டு வந்தவர் எதை நடிக்கிறார்?

டைலாடிட் வந்த கதை

சந்தேகம் ஒரே நாளில் முளைக்கவில்லை. 1990களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு இயக்கம் கிளம்பியது. நாடி, மூச்சு, சூடு, ரத்த அழுத்தம் நான்கோடு வலியையும் ஐந்தாவது அளவீடாகக் குறிக்க வேண்டும் என்று 1995இல் அமெரிக்க வலி ஆய்வுச் சங்கம் வலியுறுத்தியது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 2001இல் வலியை அளப்பதைத் தன் தரவிதிகளில் சேர்த்தது. நோக்கம் நல்லது. அதே காலத்தில் மருந்துக் கம்பெனிகள் ஓபியாய்டு வகை மருந்துகளை, அதாவது அபினி வழி வந்த மருந்துகளையும் அவற்றின் உறவுகளையும், பயமில்லாமல் கொடுக்கலாம் என்று பரப்பிக்கொண்டிருந்தன.

மைக்ரேனில் அதன் விளைவைப் பென்ஜமின் ஃப்ரீட்மனும் கூட்டாளிகளும் அரசுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். 1998இல் மைக்ரேனுக்காக எமர்ஜென்சி வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஓபியாய்டு கொடுக்கப்பட்டது. 2010இல் அது 59 சதவீதம். மார்ஃபினை விடப் பல மடங்கு வீரியமுள்ள ஹைட்ரோமார்ஃபோன், டைலாடிட் என்ற பெயரில் விற்பது, 1998இல் ஒரு சதவீதம் பேருக்குக்கூடப் போடப்படவில்லை. 2010இல் நான்கில் ஒருவருக்குப் போடப்பட்டது. மைக்ரேனுக்கு அது நல்ல மருந்து என்று எந்த ஆய்வும் அந்த இடைவெளியில் சொல்லவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. ஓபியாய்டு சாவுகள் நாட்டையே உலுக்கின. மாநிலங்கள் யார் எங்கே எந்த மாத்திரை வாங்கினார்கள் என்று பார்க்கும் கணினிப் பதிவேடுகளைத் திறந்தன. 2016இல் மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையம் கடுமையான வழிகாட்டுதல் வெளியிட்டது. முந்தைய பத்து வருடத்தில் எமர்ஜென்சி தன் கையால் எந்த ஊசியைப் போட்டுப் பழக்கியதோ, அதை வாய்விட்டுக் கேட்டவர் இப்போது போதைக்கு அலைபவர் ஆனார். "போன தடவை இங்கேதான் டைலாடிட் போட்டீர்கள், தூங்கிவிட்டேன், அதையே போடுங்கள்" என்று ஒரு பெண் சொன்னால் அவர் சொல்வது உண்மை. அந்த உண்மையைச் சொன்னதே அவரைக் குற்றவாளி ஆக்குகிறது. இது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது.

சரி, டாக்டரின் உள்ளுணர்வு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? 2013இல் வெளியான ஆய்வொன்றில் முதுகுவலி, பல்வலி, தலைவலியோடு வந்த 544 பேரைப் பற்றி, இவர் மருந்துக்காக அலைபவரா என்று எமர்ஜென்சி மருத்துவர்களிடம் கேட்டு, பிறகு மாநிலப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். மருத்துவர்கள் சந்தேகப்பட்டவர்களில் பதிவேட்டின் அளவுகோலுக்கும் பொருந்தியவர்கள் 41 சதவீதம்தான். பத்துப் பேரைச் சந்தேகித்தால் ஆறு பேர் வெறுமனே வலியோடு வந்தவர்கள். அலைந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் நழுவியும் போனார்கள்.

எது வேலை செய்கிறது

இங்கேதான் என் வாதத்தின் நடுநாடி இருக்கிறது. நியூயார்க்கில் ஃப்ரீட்மன் குழுவினர் நேருக்கு நேர் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஹைட்ரோமார்ஃபோன். மறுபக்கத்துக்கு வாந்தியை நிறுத்தப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் மலிவான ப்ரோகுளோர்பெரசின், கூடவே அலர்ஜிக்குப் போடும் டைஃபென்ஹைட்ரமின். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஒரே டோஸில் வலி தணிந்து 48 மணி நேரம் தணிந்தபடியே இருந்தவர்கள் ப்ரோகுளோர்பெரசின் பக்கம் 60 சதவீதம், ஹைட்ரோமார்ஃபோன் பக்கம் 31 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 127 பேரோடு சோதனையையே நிறுத்திவிட்டார்கள். 2017இல் முடிவு வெளியானது.

அமெரிக்கத் தலைவலிச் சங்கம் அதற்கு முந்தைய வருடமே எமர்ஜென்சிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. ரத்தநாளம் வழியாக வாந்தி மருந்துகளான மெட்டோகுளோப்ரமைடு அல்லது ப்ரோகுளோர்பெரசின், தோலுக்கடியில் ட்ரிப்டான் வகையைச் சேர்ந்த சுமட்ரிப்டான், வலி திரும்பி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இவற்றைக் கொடுக்க வேண்டும் என்றது. மார்ஃபினையும் ஹைட்ரோமார்ஃபோனையும் முதல் மருந்தாகத் தவிர்க்கச் சொன்னது. ஓபியாய்டின் கெடுதல் அந்த இரவோடு முடிவதும் இல்லை. மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ எடுத்தால் மருந்தே தலைவலியை உண்டாக்கும் நிலை வருகிறது. பர்ஸ்டீன் குழுவின் இன்னொரு சிறிய ஆய்வில், முற்றிய மைக்ரேனுக்கு ஓபியாய்டு அல்லாத வலிமருந்தான கெட்டோரோலாக் ஊசி பெரும்பாலானோருக்குப் பலன் தந்தது. பலன் கிடைக்காதவர்கள் முன்பு ஓபியாய்டு எடுத்த வரலாறு உள்ளவர்களாக இருந்தார்கள்.

இதை நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். மைக்ரேன் என்று ஒருவர் வருகிறார். ஆபத்து அறிகுறி இல்லை. நர்ஸ் கையில் ஊசி ஏற்றி, சிறிய பையில் கலந்த 10 மில்லிகிராம் மெட்டோகுளோப்ரமைடைப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல இறங்கவிடுகிறார், விளக்கை அணைக்கிறார். இதைச் செய்ய நோயாளி உண்மை சொல்கிறாரா என்று யாரும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. போதைக்காக வந்தவருக்கு அந்த ஊசியில் கிடைக்க ஒன்றுமில்லை, வலியோடு வந்தவருக்கு நிறைய இருக்கிறது.

பதினைந்து நிமிடம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்துகளை வேகமாகச் செலுத்தினால் சிலருக்கு உடம்புக்குள் ஒரு தாங்கமுடியாத பரபரப்பு வரும். உட்கார முடியாது, படுக்க முடியாது, ஊசியைப் பிடுங்கிப் போட்டு ஓடிவிடலாம் என்று தோன்றும். என்னவென்று சொல்லப்படாமல் இதை ஒருமுறை அனுபவித்தவர் அடுத்த தடவை "எனக்கு அந்த மருந்து அலர்ஜி" என்கிறார். அப்படிச் சொல்பவரை, டைலாடிட் வாங்குவதற்காக மற்ற மருந்தையெல்லாம் மறுக்கிறார் என்று எழுதிவைக்கிறார்கள். மெதுவாகச் செலுத்தி, இப்படி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

யாருடைய வலி

மைக்ரேன் ஆண்களை விடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். எமர்ஜென்சியில் பெண்ணின் வலிக்குக் காது கொடுப்பது குறைவு என்பதற்கு ஆதாரம் குவிந்து கிடக்கிறது. கடும் வயிற்றுவலியோடு வந்தவர்களைப் பற்றிய 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், வலிமருந்து கிடைக்க ஆண்கள் காத்திருந்தது 49 நிமிடம், பெண்கள் 65 நிமிடம். இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் 21,000க்கும் மேற்பட்ட எமர்ஜென்சி பதிவுகளைப் பார்த்து 2024இல் வெளியான ஆய்வு, பெண்களுக்கு வலிமருந்து எழுதப்படுவதே குறைவு என்றது. எழுதுபவர் ஆண் டாக்டரா பெண் டாக்டரா என்பதால் இது மாறவில்லை.

மைக்ரேனுக்கு இதில் தனி வரலாறு ஒன்று சேர்கிறது. 20ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தலைவலி ஆராய்ச்சியாளர் ஹெரால்ட் வுல்ஃப். தமனி விரிவதற்கும் வலிக்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டியவர், அவருக்கே மைக்ரேன் இருந்தது. 1937இல் அவர் மைக்ரேன்காரர்களுக்கென்று ஒரு குணச்சித்திரத்தையே வரைந்தார்: எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று துடிப்பவர்கள், பேராவல் கொண்டவர்கள், வளைந்து கொடுக்காதவர்கள், உள்ளுக்குள் புழுங்குபவர்கள். நோயின் காரணம் நோயாளியின் சுபாவத்துக்குள் போய்விட்டது. பல பத்தாண்டுகள் அது அங்கேயே தங்கியது. "கொஞ்சம் ரிலாக்ஸாக இருங்கள்" என்று இன்றும் டாக்டர் சொல்லும் வார்த்தையில் அதன் எச்சம் இருக்கிறது.

கறுப்பின நோயாளிகளின் நிலை இன்னும் மோசம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் குறைந்தது ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பினத்தவரின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். கேஸ் ஷீட்டில் எழுதும் சொற்களுக்கும் பலம் உண்டு. அரிவாள்செல் நோயாளி ஒருவரைப் பற்றி, ஒரே தகவலை இரண்டு விதமாக, மரியாதையான மொழியில் ஒன்றும் சந்தேகம் தொனிக்கும் மொழியில் ஒன்றும் எழுதிப் பயிற்சி மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவு: சந்தேக மொழியைப் படித்தவர்கள் வலிக்குக் குறைவாகவே சிகிச்சை செய்ய நினைத்தார்கள். இந்தச் சீட்டு நோயாளியை விட்டுப் போவதில்லை. அடுத்த தடவை, அடுத்த டாக்டர், அவரைப் பார்ப்பதற்கு முன் சீட்டைப் பார்க்கிறார்.

இதில் உயிர்ப்பயம் வேறு இருக்கிறது. "வழக்கமான மைக்ரேன் கேஸ்தான்" என்று முத்திரை விழுந்தவருக்கு ஒருநாள் வேறு ஏதாவது வந்தால் யார் கவனிப்பார்கள்? பக்கவாதம் தவறவிடப்படுவது பற்றிய 2014ஆம் ஆண்டு ஆய்வில், தலைவலி அல்லது தலைசுற்றல் என்று எமர்ஜென்சி வந்து ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டு, சில நாட்களில் பக்கவாதத்தோடு திரும்பி வந்தவர்களில் பெண்களுக்கும் சிறுபான்மை இனத்தவருக்கும் அந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. மைக்ரேன்காரர் "இது என் வழக்கமான தலைவலி இல்லை, வேறு மாதிரி இருக்கிறது" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுந்து நிற்க வேண்டும். தன் தலைவலியை அவரை விட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இல்லை.

நம் ஊர் கேஷுவாலிட்டி

இந்தியாவில் இந்தக் கதை அப்படியே பொருந்தாது. 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் இங்கே பூட்டுக்குள் இருக்கும் பொருள். தலைவலிக்கு அதைப் போடும் பழக்கம் வேரூன்றவில்லை, அதனால் அந்தச் சந்தேகமும் இல்லை. பதிலாக வேறொன்று இருக்கிறது. "டென்ஷன்", "சாப்பிடாமல் இருந்திருப்பீங்க", "வெயிலில் அலைஞ்சிருப்பீங்க". கர்நாடகத்தில் வீடு வீடாக நடத்தி 2015இல் வெளியான கணக்கெடுப்பு, ஓராண்டில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் வந்ததாகச் சொன்னது. பக்கத்து மாநிலம்தான். தமிழ்நாட்டில் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்க முகாந்திரம் இல்லை.

நியூயார்க்கில் டைலாடிட்டை வென்ற ப்ரோகுளோர்பெரசின் நம் ஊரில் ஸ்டெமெடில் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து, தலைசுற்றலுக்கு. மெட்டோகுளோப்ரமைடு பெரினார்ம் என்ற பெயரில் வாந்திக்கு. மைக்ரேன் வரும்போது இரைப்பை வேலையை நிறுத்திவிடுவதால் விழுங்கிய மாத்திரை அப்படியே தங்கிவிடும். அந்த இரைப்பையை ஓட்டுவதோடு வலியையே அடக்கும் வல்லமையும் மெட்டோகுளோப்ரமைடுக்கு உண்டு. சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்துகள் இவை. தாலுகா மருத்துவமனையில்கூட அலமாரியில் இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமர்ஜென்சியில் தணிந்த மைக்ரேன் ஒன்றிரண்டு நாளில் பலருக்குத் திரும்பி வருகிறது. ஒரு டோஸ் டெக்சாமெத்தசோன் கொடுத்தனுப்பினால் ஒன்பது பேரில் ஒருவருக்காவது அந்தத் திரும்பலைத் தடுக்கலாம் என்று 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் தலைவலி நிபுணர்கள் சிலர் தங்கள் நோயாளிகளுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். நோயின் பெயர், எந்த ஊசி எந்த அளவில் கேட்கும், எது ஒத்துக்கொள்ளாது, எந்த அறிகுறி வந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும், டாக்டரின் கையெழுத்து. பேச முடியாத இரவில் அந்தத் தாள் நோயாளிக்காகப் பேசுகிறது. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் முதல் மாதாந்திர ஊசிக்கு 2018இல் அங்கே அனுமதி கிடைத்தது. இந்த மாதிரித் தடுப்பு மருந்து வேண்டும் என்பதற்கு, எமர்ஜென்சிக்கு ஓடிவந்த ஒரு இரவே போதுமான காரணம். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் வெறும் "தலைவலி" என்று எழுதி அனுப்பிவிட்டால், அந்தக் காரணம் அடுத்த டாக்டர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. குறைந்தபட்சம் அந்தச் சீட்டில் மைக்ரேன் என்று எழுதவும், எந்த மருந்து கேட்டது என்று குறிக்கவும் வேண்டும்.